வெர்ன் ஹோர்வாத்தின் எறிபுள்ளி

வெர்ன் ஹோர்வாத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவனுடைய வலது தோளில் ஆரம்பிக்க வேண்டும். இப்போது அந்தத் தோளால் மேல் அலமாரியிலிருந்து ஒரு கோப்பையைக்கூட எடுக்க முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் ஒரு நாள், பேஸ்பால் மைதானத்தின் வலதுகோடியில், வேலியோரமாக நின்றுகொண்டு அவன் எறிந்த பந்து தரையைத் தொடாமல் வந்து, மறுமுனையில் முட்டி மடக்கிக் காத்திருந்த கேட்சரின் கையுறைக்குள் விழுந்தது. வெற்றி ஓட்டத்துக்காகப் பாய்ந்துவந்த எதிரணிப் பையன் அங்கேயே அவுட். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். டோலிடோவில் ஆற்றுக்குக் கிழக்கே பிறந்தவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் அந்த எறியைப் பார்த்ததாகத்தான் சொல்வார்கள். பாதிப் பேர் புளுகுவார்கள், அது வேறு விஷயம்.

அந்தப் பந்தைப் பிடித்த கேட்சர் கென்னி டொபாஸ். பின்னால் வெர்னின் தங்கை காரலைக் கட்டிக்கொண்டு வீட்டு மாப்பிள்ளையும் ஆனவன். எறிந்தவன் ஒருத்தன், பிடித்தவன் ஒருத்தன் என்று ஊரே இருவரையும் சேர்த்துத்தான் பேசும். வெர்ன் அதை இத்தனை வருஷமும் நம்பினான். அவன் தலையெழுத்து அது.

அடுத்த வருஷமே தோள் போய்விட்டது. நகரசபையில் வேலைக்குச் சேர்ந்தான். குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி, கோடையில் சாலைக் குழி அடைப்பது. கல்யாணம் செய்துகொண்டான், அது நிலைக்கவில்லை. அந்தப் பெண்மணி வெயில் வேண்டுமென்று அரிசோனாவுக்குப் போய்விட்டாள். இவனுக்கு மிஞ்சியது எங்கள் பேஸ்பால் லீக்தான். அதாவது நிஜமாக மைதானத்தில் இறங்கி ஆடுவதில்லை. பன்னிரண்டு பேர் மார்ச் மாதத்தில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பெரிய அணிகளில் ஆடும் ஆட்டக்காரர்களை முறைவைத்து ஒவ்வொருவராகத் தங்கள் பெயருக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆட்டக்காரர்கள் கோடை முழுக்க மைதானத்தில் என்ன செய்கிறார்களோ அது இவர்களுக்குப் புள்ளி. வருஷக் கடைசியில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவருக்குக் கோப்பை. கோப்பை என்றால் என் கூடத்தில் உடைந்துபோன ஒரு பவுலிங் கட்டை. அதற்குத் தங்கப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். அதற்காக இந்த ஆண்பிள்ளைகள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

என் கூடம் என்றேனே, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பவுலிங் கூடம். அப்பா விட்டுப்போனது. முன்னால் சாப்பாட்டுக் கவுன்டர், பின்னால் ஓர் அறை. லீக் ஆரம்பித்த நாளிலிருந்து ஆள் எடுக்கும் நாள் அந்தப் பின்னறையில்தான் நடக்கும். மார்ச் இரண்டாவது ஞாயிறு, மதியம். மிளகாய்க் குழம்பு ஊற்றிய ஹங்கேரியன் சாஸேஜ் நான் போடுவேன். லீக்கின் தலைவன் வெர்ன். விதி அவன் சொல்வதுதான். வாயால் ஓர் ஆட்டக்காரன் பெயரைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான், திரும்ப வாங்கக் கூடாது என்பது அவன் போட்ட முதல் விதி.

இரண்டாவது விதி வேறு எந்த லீக்கிலும் இருக்காது. மைதானத்தின் கோடியில் நிற்கிற அவுட்ஃபீல்டர் ஒருவன் அங்கிருந்தே பந்தை எறிந்து, ஓடுகிறவனை அவுட்டாக்கினால் அதற்குத் தனிப் புள்ளி. பந்தை வேலிக்கு வெளியே அடிக்கிற ஹோம் ரன்னுக்குக் கிடைப்பதுபோல இரண்டு மடங்கு. எறிபுள்ளி என்று பெயர். அந்த விதியை முதன்முதலில் கேட்டது வெர்ன் இல்லை, கென்னி. பின்னறையில் எழுந்து நின்று, பீர்க் கோப்பையை உயர்த்தி, "எங்க மச்சான் எறிஞ்ச எறிக்கு மரியாதை இருக்கணும்ய்யா!" என்று அவன் கத்தினதும், வெர்ன் வெட்கப்பட்டுத் தொப்பியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டதும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்த விதியினால் எங்கள் லீக்கில் அவுட்ஃபீல்டர்களைத் தரம் பிரிப்பது பெரிய வித்தை. பத்திரிகைகளில் வருகிற தரவரிசை இங்கே செல்லாது. ஜனவரி பிறந்தால் போதும், வெர்ன் பனி லாரியை ஓட்டிக்கொண்டே மனசுக்குள் அவுட்ஃபீல்டர்களை வரிசைப்படுத்த ஆரம்பித்துவிடுவான். காலை உணவுக்கு என் கவுன்டருக்கு வரும்போது பூட்ஸில் பனி உருகச் சாலையில் தூவுகிற உப்பும் பனியும் ஒட்டியிருக்கும். முட்டையைக் கிளறிக்கொண்டே பேசுவான்.

"அக்கா, பெரிய கைக்காரன்னு பேர் வாங்கினவன எடுக்கக் கூடாது. ஏன் சொல்லு?"

"நீயே சொல்லு. எனக்குச் சட்டி கருகுது."

"அவன் கை பலம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுல்ல? பந்து அவன்கிட்ட போனா ஒருத்தனும் ஓட மாட்டான். ஓடினாத்தான அவுட்டாக்க முடியும்? இன்னும் பேர் வாங்காத கையா பாத்து எடுக்கணும்."

எனக்குப் பேஸ்பாலில் பெரிய ஞானம் கிடையாது. ஆனாலும் அவன் அதைச் சொல்லும்போது முகத்தில் வருகிற சந்தோஷத்துக்காகவே கேட்பேன். இத்தனைக்கும் அவன் கோப்பை வாங்கினது ஒரே ஒரு முறை. பந்து வீசுகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதில் மகா மட்டம். டெட்ராய்ட் அணியில் எவன் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவான். அவுட்ஃபீல்டர் வரிசை ஒன்றுதான் அவனுக்கு உருப்படியாக வந்த சமாச்சாரம். அதையும் ஒளித்து வைத்துக்கொள்கிற சாமர்த்தியம் கிடையாது. ஜனவரி முடிவதற்குள் லீக் ஆட்கள் எல்லோரும் இருக்கிற போன் குழுவில் போட்டுவிடுவான். மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள், திட்டுவார்கள், பிறகு அதைப் பார்த்தேதான் ஆள் எடுப்பார்கள்.

போன ஆகஸ்டில் வந்தது வினை. கென்னியின் அணி இரண்டாவது இடத்தில் இருந்தது. கடைசி இடத்தில் இருந்த டுவேன், தன் அணியின் சிறந்த ஆட்டக்காரனைக் கென்னிக்குக் கொடுத்துவிட்டு, காயம்பட்டுப் படுத்திருந்த ஒருத்தனை மாற்றாக வாங்கிக்கொண்டான். அந்தச் சமயம் கென்னிதான் டுவேனுக்குத் தன் ஏரிக்கரைக் குடிலை ஒரு வாரம் இரவல் கொடுத்திருந்தான். எல்லோருக்கும் புரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. வெர்ன் அந்த ஆள்மாற்றத்தை ரத்து செய்தான்.

"மாப்ளே, நீ எனக்குச் சொந்தங்கறதுக்காக இத விட்டா, மத்தவங்க என்னைக் காறித் துப்புவாங்க" என்றான், என் கவுன்டரில் வைத்தே.

கென்னி சிரித்தான். "அட விடு மச்சான், வெளையாட்டுதான!" என்று முதுகில் தட்டினான். கோப்பை அந்த வருஷம் வேறு ஒருத்தனுக்குப் போனது. நானும் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இந்த ஜனவரியில் வெர்ன் வழக்கம்போல வரிசையைக் குழுவில் போட்டான். முதல் இடத்தில் பலாசின் என்று ஓர் இளவட்டம். மட்டையடி சுமார்தான். ஆனால் வெர்ன் அவனுடைய கையைப் பார்த்துவிட்டுக் கிறங்கிப்போயிருந்தான். குழுவில் யாரும் பதில் போடவில்லை. ஒரு கிண்டல் இல்லை, ஒரு திட்டு இல்லை.

"எல்லாருக்கும் வேலை ஜாஸ்தி போல" என்றான் என்னிடம்.

"பதினோரு பேருக்குமா?"

"குளிர் வேற. கை வெறைச்சா எப்படி டைப் அடிப்பாங்க?" என்று அவனே சிரித்தான். அடுத்த நாள் முகம் தெளிந்து வந்தான். கென்னி தனியாகக் கூப்பிட்டானாம். 'மச்சான், லிஸ்ட்ட எனக்குத் தனியா முழுசா அனுப்பு, ஒவ்வொருத்தனுக்கும் பக்கத்துல ஏன்னு எழுது' என்றானாம். இவன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதி அனுப்பினான். "பாத்தியா அக்கா, மாப்ளைக்கு என்மேல கோவமெல்லாம் இல்ல" என்று குழந்தை மாதிரி சொன்னான்.

பிப்ரவரிக் கடைசியில் கென்னி என் கூடத்துக்கு வந்தான். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கோட்டு, பளபளவென்று ஷூ. பின்னறை வேண்டுமென்றான். மார்ச் முதல் ஞாயிறு.

"ரெண்டாவது ஞாயிறுதான எப்பவும்?"

"இந்தத் தடவ முன்னாடி வெச்சிருக்கோம். அப்புறம் ஐரீன்..." என்று என்னிடம் குரலைத் தாழ்த்தினான். "வெர்ன்கிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேணாம்."

"ஏன்?"

"புது லீக் ஆரம்பிச்சுட்டோம். குழுவும் புதுசு. பசங்களுக்கு வெர்னோட ரூல் ரூல்ங்கற தொல்ல தாங்கல. அவன் எடத்துக்கு என் ஆபீஸ்ல வேலை பாக்கற பையன் ஒருத்தன் வரான். நேரம் பாத்து நானே பக்குவமா சொல்லிக்கறேன்."

"பழைய குழுவுல அவன் ஒருத்தன் மட்டும் உக்காந்து உங்களுக்கு லிஸ்ட் போட்டுக்கிட்டு இருக்கான். அத வாங்கி வெச்சுக்கிட்டு அவனையே வெளிய தள்ளறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். பல்லைக் காட்டிவிட்டுப் போனான். அவன் சொன்னால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? மறுநாள் காலையிலேயே, வெர்ன் தொப்பியைக் கழற்றுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

அவன் நம்பவில்லை. "கென்னியா? சும்மா இருக்கா. மத்தவனுங்க யாராச்சும் செய்வானுங்க, அவன் செய்ய மாட்டான்." என் எதிரிலேயே போனை எடுத்துப் பேசினான். ஒலிபெருக்கியில் போடச் சொன்னேன், போட்டான்.

"மாப்ளே, ஆள் எடுக்கற நாள் எப்ப? ரெண்டாவது ஞாயிறுதான?"

"இன்னும் ஒண்ணும் முடிவாகல மச்சான். இந்த வருஷம் நடக்குமான்னே சந்தேகமா இருக்கு. யாருக்கும் பெருசா ஆர்வமில்ல."

"அப்படியா? அவுட்ஃபீல்டர் லிஸ்ட்ட படிச்சியா?"

"சும்மா மேலோட்டமாப் பாத்தேன். காரல் கூப்பிடறா, வெச்சிர்றேன்."

வெர்ன் போனைக் கவுன்டரில் கவிழ்த்து வைத்தான். முட்டைத் தட்டைத் தள்ளினான். "வாய் கூசலியேக்கா அவனுக்கு" என்றான். சாப்பிடாமல் எழுந்து போனான். லாரி வெளியே உறுமிக்கொண்டு வெகுநேரம் நின்றது, அப்புறம்தான் கிளம்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சாஸேஜ் போடவில்லை. அடுப்பு ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். வேண்டுமானால் சிப்ஸ் தின்னட்டும். பதினொரு பேரும் கென்னியின் ஆபீஸ் பையனும் பின்னறையில் உட்கார்ந்தார்கள். சுவரோரம் தங்கக் கட்டை. ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வெர்ன் உள்ளே வந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான், ஒவ்வொரு வருஷமும் அந்த நாளுக்குப் போடுகிற அதே நீலச் சட்டை. நேரே பின்னறைக்குப் போனான். நானும் கைத்துண்டோடு பின்னாலேயே போனேன். என்ன ஆனாலும் பார்த்துவிடுவது என்றுதான்.

எல்லோருடைய கண்ணும் போனுக்குள் இறங்கிவிட்டது. டுவேனுக்கு இருமல் வந்தது. கென்னி மட்டும் எழுந்தான்.

"வா மச்சான். உன்கிட்ட நானே சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"எப்ப? அடுத்த வருஷமா?"

"கோவப்படாத. பசங்களுக்கு ஜாலியா ஆடணும். நீ எதுக்கெடுத்தாலும் விதி, ரத்துன்னு உயிர எடுக்கற. சொந்த மாப்ளைன்னுகூடப் பாக்கல."

"ஆகஸ்ட்டுக்காகவா இது?" என்றான் வெர்ன். "அதுக்காக நாலு திட்டு திட்டியிருக்கலாமே மாப்ளே. வாங்கிக்கிட்டிருப்பேனே."

அப்போதுதான் வெர்ன் மேஜையைப் பார்த்தான். கென்னியின் முன்னால் அழகாக அச்சடித்த தாள்கள். வெர்னின் அவுட்ஃபீல்டர் வரிசை, அவன் எழுதின காரணங்களோடு அப்படியே. பலாசின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அடுத்த முறை கென்னியுடையது.

வெர்ன் திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அந்தத் தாளைக் கிழித்து மூஞ்சியில் வீசியிருப்பேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்தப் புது லீக்ல எறிபுள்ளி இருக்கா?"

"அதெல்லாம் தூக்கியாச்சு" என்றான் ஆபீஸ் பையன். "அது எந்த ஊர் விதி? எங்கயும் இல்லாத கூத்து."

வெர்ன் கென்னியைப் பார்த்தான். அந்த விதியைக் கேட்டு வாங்கினவனே அதைத் தூக்கிப் போட்டிருக்கிறான். ஆனாலும் வெர்ன் சொன்னான்.

"அப்ப இத வெச்சு எடுக்காத மாப்ளே. இது நம்ம விதிக்குப் போட்ட வரிசை. எறிபுள்ளி இல்லேன்னா பலாசின் சல்லிக்காசு பெறமாட்டான். அவனுக்கு அடிக்கத் தெரியாது. கடைசிச் சுத்துலகூட எடுக்கத் தேவையில்ல."

கென்னி சிரித்தான். "ஓஹோ! இதான் திட்டமா? என்னையப் பலாசின எடுக்கவிடாம பண்ணி, பழி தீத்துக்கலாம்னு பாக்கறியா? நல்லா இருக்கு மச்சான் நாடகம்!"

"ஊஊ" என்று இரண்டு பேர் ஊளையிட்டார்கள்.

"கென்னி." மாப்ளே என்று சொல்லாமல் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நான் உனக்கு எப்பவாச்சும் பொய் சொல்லியிருக்கேனா?"

கென்னி பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு நொடி தடுமாற்றம் வந்ததை நான் கண்டேன். ஆனால் முந்தின வாரம் தான் போனில் சொன்ன பொய் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தான் செய்கிறதைத்தான் எல்லோரும் செய்வார்கள் என்று நினைக்கிற புத்தி. மேஜைப் பக்கம் திரும்பி, சத்தமாக, "பலாசின்" என்றான்.

ஆபீஸ் பையன் பக்கென்று சிரித்துவிட்டான். "சார், பலாசினா? முதல் சுத்துலயா?" போனில் எதையோ தட்டிக் காட்டினான். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு மேஜையைச் சுற்றி வந்தது. கென்னியின் காதுமடல் சிவந்தது.

"இரு, இரு. நான் இன்னும் உறுதியாச் சொல்லல. மாத்திக்கறேன்."

"அதெப்படி?" என்றான் ஒருத்தன். "சொன்னா சொன்னதுதான?"

"புது லீக்ல அந்த விதி இருக்கா இல்லியா?" என்றான் டுவேன்.

கசமுசாவென்று பேசினார்கள். திடீரென்று பேச்சு நின்றது. பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் தலை, பழக்கதோஷத்தில், ஒரே நேரத்தில் வெர்னைப் பார்த்துத் திரும்பியது. தகராறு என்று வந்தால் இத்தனை வருஷமாக அங்கேதானே தீர்ப்பு! கென்னியும்தான் பார்த்தான். வெட்கங்கெட்ட பயல், "மச்சான், மாத்திக்கலாம்ல?" என்றுகூடக் கேட்டான்.

"என்னைய ஏன்யா பாக்கறீங்க?" என்றான் வெர்ன். "நான் இந்த லீக்லயே இல்லியே."

வெளியே வந்து கவுன்டரில் உட்கார்ந்தான். நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை இடது கையால் பிடித்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "நீ ஏன்யா அவனுக்கு எச்சரிக்க பண்ணினே? விட்டிருந்தா நாசமாப் போயிருப்பான்ல" என்றேன்.

"இப்ப மட்டும் என்னவாம்?" என்றான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "லிஸ்ட்ட எடுத்துக்கிட்டான், போகட்டும். எடத்த எடுத்துக்கிட்டான், அதுவும் போகட்டும். நான் உண்மையச் சொல்றேன், நம்ப மாட்டேங்கறானேக்கா. அன்னிக்கு மைதானத்துல அவன் பிடிப்பான்னு நம்பித்தான நான் எறிஞ்சேன்? நடுவுல இன்னொருத்தன் நின்னான், அவன்கிட்டத் தள்ளிவிட்டிருக்கலாம்ல?" உள்ளே அவர்கள் சத்தம் போட்டு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

காரல் வந்து அழுதாள், சாப்பிடக் கூப்பிட்டாள். தங்கையிடம் அவன் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. ஆனால் அந்த வீட்டு மேஜைக்கு மட்டும் போகவில்லை. கென்னியின் அணி கோடையில் கடைசி இடத்தில் கிடந்தது. வெர்ன் சொன்னதுபோலவே பலாசினுக்கு அடிக்க வரவில்லை. ஆனால் எறிந்தான், அப்பாடி, என்ன எறி! அவன் கையைப் பற்றி ஒருவருக்கும் தெரியாததால் ஓடி ஓடி மாட்டினார்கள். எங்கள் பழைய விதி இருந்திருந்தால் கென்னிதான் முதல் இடம். அது இல்லாத லீக்கில் அத்தனை எறிக்கும் பூஜ்யம்.

ஜூலையில் ஒரு சாயங்காலம். கவுன்டரின் ஒரு கோடியில் வெர்ன், தனியாக. கென்னி ஆபீஸ் ஆட்களோடு பந்து உருட்ட வந்தவன், பீர் வாங்க மறுகோடியில் நின்றான். இருவரும் மார்ச்சுக்குப் பிறகு பேசவில்லை. டிவியில் பலாசினின் ஆட்டம். வலதுகோடிக்குப் பந்து உயர்ந்து போனது. வேலியோரம் பிடித்தான். ஒருத்தன் ஓட ஆரம்பித்தான். பலாசின் எறிந்தான். தரையைத் தொடாமல், நேராக.

நான் டிவியைப் பார்க்கவில்லை, கென்னியைத்தான் பார்த்தேன். அவனுக்கே தெரியாமல் அவனுடைய முட்டி மடங்கியது. இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் வந்து குவிந்தன, பந்தைப் பிடிக்கிற மாதிரி. அப்புறம் சிரித்துக்கொண்டே வெர்ன் பக்கம் திரும்பினான். "மச்சான்! பாத்தியா?"

வெர்ன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, வேற சேனல் மாத்து" என்றான்.